ஃபாக்ஸ்ப்ரோவிலிருந்து விண்டோஸைக் கூப்பிடுவது: கடையில் மானம் போகாமல் இருக்க

தீபாவளிக்கு நாலு நாள் இருக்கும்போது, ஒரு துணிக்கடையின் பில்லிங் புரோகிராம் முப்பது நாற்பது பில்லுக்கு ஒருமுறை செத்து விழுந்தது. எழுதியவன் நான்தான். கவுண்டரில் வரிசை நிற்கிறது, திரையில் சி0000005 (தொடக் கூடாத மெமரியைத் தொட்ட பிழை) என்று ஒரு பெட்டி, ஓகே அழுத்தினால் புரோகிராமே காணோம். என் வீட்டுக் கம்ப்யூட்டரில் அதே புரோகிராம் இருநூறு பில் போட்டும் அசையவில்லை.

காரணம் ஒற்றை வரி. டிஃபால்ட் பிரிண்டரின் பெயரை விண்டோஸிடம் கேட்டிருந்தேன். 20 எழுத்துக்கு இடம் ஒதுக்கிவிட்டு, 200 எழுத்துக்கு இடம் இருக்கிறது என்று சொல்லியிருந்தேன், ஒரு பூஜ்யம் கூடிப்போனது. என் பிரிண்டரின் பெயர் 12 எழுத்து. கடையில் இருந்தது பக்கத்துக் கவுண்டரிலிருந்து பகிரப்பட்ட பிரிண்டர், அதன் பெயர் 31 எழுத்து. மிச்ச எழுத்துகளை விண்டோஸ் பக்கத்து மெமரியில் எழுதிவிட்டுப் போய்விட்டது.

இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு இரவு ஆனது. பழைய விஷுவல் ஃபாக்ஸ்ப்ரோ (மைக்ரோசாஃப்ட்டின் பழைய டேட்டாபேஸ் புரோகிராமிங் மொழி) புரோகிராம் ஒன்று உங்கள் தலையில் கட்டப்பட்டு, "இதிலிருந்து விண்டோஸ் ஃபங்ஷன் ஒன்றைக் கூப்பிட வேண்டும்" என்ற நிலை வந்தால் உங்களுக்கு அந்த இரண்டு இரவும் மிஞ்சட்டும்.

ஒரு குறிப்பு. கட்டளைகளையும் ஃபங்ஷன் பெயர்களையும் இங்கே தமிழ் எழுத்திலேயே, படிக்க வசதியாக நடுவில் கோடு போட்டு எழுதியிருக்கிறேன். எடிட்டரில் ஆங்கிலத்தில், கோடு இல்லாமல் சேர்த்து அடியுங்கள்.

1. முதலில், கூப்பிடத்தான் வேண்டுமா?

என் துணிக்கடைக் கதையில் வெட்கமான பகுதி இதுதான். டிஃபால்ட் பிரிண்டரின் பெயரை ஃபாக்ஸ்ப்ரோவே தரும். செட் என்ற ஃபங்ஷனுக்குள் "பிரிண்டர்" என்ற சொல்லையும் 2 என்ற எண்ணையும் கொடுத்தால் போதும். எனக்கு அது தெரியவில்லை. இணையத்தில் கிடைத்த புரோகிராம் துண்டை ஒட்டினேன்.

ஆகவே முதல் வேலை, ஹெல்ப் ஃபைலைத் திறந்து தேடுவது. கம்ப்யூட்டர் பெயரும் யூசர் பெயரும் வேண்டுமா? சிஸ் 0 இருக்கிறது. தற்காலிக ஃபைல்களுக்கான ஃபோல்டரா? சிஸ் 2023. டிஸ்க்கில் எவ்வளவு இடம் இருக்கிறது என்பதற்கு டிஸ்க்ஸ்பேஸ், விண்டோஸின் சூழல் மாறிகளுக்கு கெட்-என்வ், ஃபோல்டரில் என்னென்ன இருக்கிறது என்பதற்கு ஏ-டிர். வெளிப் புரோகிராம் ஒன்றை ஓட்டி, அது முடியும்வரை காத்திருக்க வேண்டும் என்றால் விண்டோஸோடு வரும் டபிள்யூஸ்கிரிப்ட் ஷெல் ஆப்ஜெக்டின் ரன் போதும், மூன்றாவது மதிப்பாக உண்மை என்று கொடுத்தால் காத்திருக்கும்.

இவற்றில் தவறு செய்தால் ஃபாக்ஸ்ப்ரோ ஒரு பிழைச் செய்தி காட்டும், அவ்வளவுதான். நேரடியாக விண்டோஸைக் கூப்பிட்டுத் தவறு செய்தால் செய்தி காட்ட ஆளே இருக்காது.

2. கையில் என்னென்ன வேண்டும், என்ன செலவாகும்

விஷுவல் ஃபாக்ஸ்ப்ரோ 9, சர்வீஸ் பேக் 2. அதுதான் கடைசி, 2007 அக்டோபரில் வந்தது. மைக்ரோசாஃப்ட்டின் நீட்டிக்கப்பட்ட ஆதரவும் 2015 ஜனவரியில் முடிந்துவிட்டது. புதிதாக விற்பனையில் இல்லை. எனவே வாடிக்கையாளரிடமோ அவருக்கு முன்பு எழுதிக் கொடுத்தவரிடமோ உரிமம் வாங்கிய தாள், அசல் டிஸ்க் இருக்கிறதா என்று முதல் நாளே கேளுங்கள். புரோகிராம் ஓடுவதற்காகக் கடைக் கம்ப்யூட்டர்களில் போடும் ரன்டைம் ஃபைல்களுக்குத் தனிக் கட்டணம் இல்லை. உரிமம் உள்ள பதிப்பில் உருவாக்கிய புரோகிராமோடு சேர்த்தே கொடுக்கலாம்.

ஆவணங்கள் இரண்டு. ஒன்று, ஃபாக்ஸ்ப்ரோவோடு வரும் ஹெல்ப் ஃபைல், அதில் டிக்ளேர் கட்டளையின் பக்கம், விண்டோஸ் ஃபங்ஷனை ஃபாக்ஸ்ப்ரோவுக்கு அறிமுகம் செய்யும் கட்டளை அது. இன்னொன்று, மைக்ரோசாஃப்ட் தன் தளத்தில் இலவசமாக வைத்திருக்கும் விண்டோஸ் ஃபங்ஷன்களின் பக்கங்கள். இந்த இரண்டையும் பார்க்காமல், எங்கோ கிடைத்த நாலு வரியை ஒட்டாதீர்கள். அவற்றில் பல சரியாகவே இருக்கும். எது சரி, எது தப்பு என்று சொல்ல நமக்குத்தான் தெரியாது.

அப்புறம், சோதிக்க ஒரு கம்ப்யூட்டர். பழையது ஒன்று இருந்தால் அது போதும். இல்லையென்றால் விர்ச்சுவல்பாக்ஸில் ஒரு விண்டோஸ் போடலாம், விர்ச்சுவல்பாக்ஸுக்குச் செலவில்லை, விண்டோஸ் உரிமம் மட்டும் உங்கள் கணக்கு. கடையின் உண்மையான டேபிள்களை வைத்துக்கொண்டு சோதிக்கவே கூடாது. பாதியில் செத்த புரோகிராம் திறந்து வைத்திருந்த இண்டெக்ஸையும் கெடுத்துவிட்டுப் போகலாம்.

நேரம் எவ்வளவு? எனக்கு முதல் அழைப்புக்கு இரண்டு நாள் ஆனது. இப்போது சாதாரண ஃபங்ஷன் என்றால் ஒரு மணி நேரம், ஸ்ட்ரக்சர் (பல மதிப்புகளை அடுத்தடுத்து வைத்த தொகுப்பு) உள்ளது என்றால் அரை நாள் என்று வாடிக்கையாளரிடம் சொல்கிறேன். "ஒரு வரிதானே சார்" என்பார்கள். வரி ஒன்றுதான், சோதனைக்குத்தான் அந்த நேரம்.

3. ஆவணப் பக்கத்தைக் கீழிருந்து படியுங்கள்

மைக்ரோசாஃப்ட்டின் பக்கத்தில் அடியில் ஒரு சின்ன அட்டவணை இருக்கும். அந்த ஃபங்ஷன் எந்த டிஎல்எல்லில் (ஃபங்ஷன்கள் அடங்கிய ஃபைலில்) இருக்கிறது என்று அதில் போட்டிருக்கும். முதலில் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிரிண்டர் சம்பந்தப்பட்டவை வின்ஸ்பூல் என்ற ஃபைலில் இருக்கும், அதன் முடிவு டிஎல்எல் அல்ல, டிஆர்வி. இதைக் கவனிக்காமல் அரை மணி நேரம் தொலைத்தவர்கள் என்னைச் சேர்த்து நிறையப் பேர்.

எழுத்து வாங்கும் அல்லது கொடுக்கும் ஃபங்ஷன்களுக்குப் பெரும்பாலும் இரண்டு பெயர் உண்டு. கடைசியில் ஏ என்று முடிந்தால் பழைய ஒற்றை பைட் எழுத்து, டபிள்யூ என்று முடிந்தால் யூனிகோடு. நீங்கள் மொட்டைப் பெயரைக் கொடுத்து அது டிஎல்எல்லில் இல்லாவிட்டால், ஃபாக்ஸ்ப்ரோ தானே ஏ சேர்த்துத் தேடிப் பார்க்கும். வசதிதான், ஆனால் நான் முழுப் பெயரையே எழுதுகிறேன். பின்னால் படிப்பவருக்கு எது என்று தெரிய வேண்டும். பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து அப்படியே இருக்க வேண்டும். ஃபாக்ஸ்ப்ரோவில் மற்ற எல்லா இடத்திலும் எப்படி அடித்தாலும் ஓடும் என்பதால், இதில் கை பழக்கத்தில் தவறும். என்ட்ரி பாயின்ட் கிடைக்கவில்லை என்று செய்தி வந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

அடுத்து ரிட்டர்ன் வேல்யூ பகுதி. தோற்றால் என்ன வரும்? பலவற்றில் 0 வந்தால் தோல்வி. ஃபைலைத் திறக்கும் ஷெல்-எக்ஸிக்யூட் போன்ற சிலவற்றில் 32-ஐ விடப் பெரிய எண் வந்தால்தான் வெற்றி. இதற்கெல்லாம் பொது விதி கிடையாது, ஒவ்வொரு பக்கமாகப் படிக்க வேண்டியதுதான்.

4. டிக்ளேர் வரியை எழுதுவது

டிக்ளேர் என்பது நீங்கள் விண்டோஸுக்குக் கொடுக்கும் வாக்கு. "இந்த ஃபங்ஷன் இத்தனை மதிப்பு வாங்கும், இந்த இந்த வகையில் வாங்கும்" என்று நீங்கள் சொல்கிறீர்கள். அது உண்மையா என்று ஃபாக்ஸ்ப்ரோவால் சரிபார்க்க முடியாது, நம்பிவிடும்.

வகைகளைப் பற்றி அதிகம் பயப்பட வேண்டாம். ஃபாக்ஸ்ப்ரோ 32 பிட் புரோகிராம். அதனால் ஆவணத்தில் பூல், டிவேர்ட், யூஇன்ட், ஹேண்டில் என்று என்ன போட்டிருந்தாலும் உங்களுக்கு எல்லாம் இன்டிஜர்தான். உண்மைக்கு 1, பொய்க்கு 0 கொடுங்கள். எழுத்துக்கு ஸ்ட்ரிங்.

நுட்பம் இருப்பது @ குறியில். விண்டோஸ் எதையாவது உங்கள் மாறியில் எழுதித் திருப்பித் தர வேண்டும் என்றால், டிக்ளேர் வரியிலும் @ வேண்டும், கூப்பிடும் இடத்திலும் @ வேண்டும். ஓரிடத்தில் விட்டாலும் மாறியில் ஒன்றும் வந்து சேராது. "ஃபங்ஷன் வெற்றி என்கிறது, மாறியோ காலியாக இருக்கிறது" என்று யாராவது என்னிடம் கேட்டால், நான் வேறெதையும் பார்ப்பதில்லை, @ எங்கே என்றுதான் தேடுவேன்.

ஆவணத்தில் ஒரு மதிப்பை "நல்" ஆக, அதாவது முகவரியே இல்லாமல், கொடுக்கலாம் என்று போட்டிருந்தால், அதற்கு வெற்று ஸ்ட்ரிங் கொடுப்பது தவறு. வெற்று ஸ்ட்ரிங் என்பதும் ஒரு முகவரிதான். அந்த இடத்தை டிக்ளேரில் இன்டிஜர் என்று எழுதிவிட்டு 0 கொடுங்கள்.

எல்லாவற்றுக்கும் ஒரு புனைபெயர் வையுங்கள், டிக்ளேர் கட்டளையில் ஆஸ் என்று போட்டு வைக்கலாம். மெசேஜ்பாக்ஸ் போல விண்டோஸிலும் ஃபாக்ஸ்ப்ரோவிலும் ஒரே பெயரில் இருப்பவை உண்டு, குழம்பும். நான் எல்லாப் புனைபெயரையும் வின் என்று தொடங்குவேன்.

டிக்ளேர் செய்தது அந்த ஃபார்முக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள், மொத்தப் புரோகிராமுக்கும் அது பொது. எனவே எல்லா டிக்ளேர்களையும் ஒரே புரோசீஜரில் போட்டு, தொடக்கத்தில் ஒருமுறை ஓட்டுங்கள். லூப்புக்குள் டிக்ளேர் வேண்டாம். க்ளியர் டிஎல்எல்ஸ் என்ற கட்டளையைப் பெயர் குறிப்பிடாமல் எங்கேயும் போடாதீர்கள். அது உங்களுடையதை மட்டும் அல்ல, அடுத்தவர் எழுதிய பகுதிக்கு வேண்டியதையும் சேர்த்துத் துடைத்துவிடும். க்ளியர் ஆல் கட்டளையும் இதையே செய்யும். இப்போது என்னென்ன டிக்ளேர் ஆகியிருக்கிறது என்று பார்க்க ஏ-டிஎல்எல்ஸ் என்ற ஃபங்ஷன் இருக்கிறது.

5. இடத்தை அளந்து கொடுங்கள்

மற்ற எல்லாப் பகுதியையும் தாண்டிப் போனாலும் இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள்.

விண்டோஸ் ஒரு பெயரையோ பாதையையோ உங்களுக்குத் தர வேண்டும் என்றால், அதை எழுத நீங்கள்தான் இடம் தயார் செய்து கொடுக்க வேண்டும். ஃபாக்ஸ்ப்ரோவில் மற்றபடி ஸ்ட்ரிங் தானாக வளரும், அந்தப் பழக்கம் இங்கே செல்லாது. வெற்று மாறியை நீட்டினால் விண்டோஸ் அதன் முகவரியில் எழுதும், அங்கே இடம் இருக்கிறதா என்று பார்க்காது. வீட்டில் கால்படிப் பாத்திரத்தை வைத்துவிட்டு, ஒருபடி பிடிக்கும் என்று பால்காரரிடம் சொன்ன கதைதான்.

இதில் கொடுமை, வழிந்த உடனே புரோகிராம் விழாது என்பது. வழிந்த பைட்டுகள் விழுந்த இடத்தில் அப்போது ஒன்றும் இல்லாமல் இருக்கலாம். அல்லது இன்னொரு மாறியின் மதிப்பு இருக்கலாம். பத்து நிமிடம் கழித்து, சம்பந்தமே இல்லாத ஒரு ஃபார்மைத் திறக்கும்போது விழும். துணிக்கடையில் என் புரோகிராம் ஒவ்வொரு முறையும் கஸ்டமர் பட்டியலைத் திறக்கும் வரியில் செத்தது. நான் முதல் இரவு முழுக்க அந்த ஃபார்மைப் பிரித்துப் போட்டுப் பார்த்தேன். அதில் ஒரு தப்பும் இல்லை.

ட்ரை, கேட்ச் போட்டால் பிடித்துவிடலாமே என்று தோன்றும். பிடிக்காது. ட்ரை பிடிப்பது ஃபாக்ஸ்ப்ரோவின் பிழைகளை. சி0000005 வந்தால் ஃபாக்ஸ்ப்ரோவே போய்விட்டது, பிடிக்க யார் இருக்கிறார்கள்? "டிக்ளேர் டிஎல்எல் அழைப்பில் விதிவிலக்கு" என்ற பொருளில் ஒரு செய்தி சில சமயம் வரும், அதைப் பிடிக்கலாம். அது வந்தால் அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டு, அந்த அழைப்பை உடனே திருத்துங்கள். மேலே ஓட விடாதீர்கள்.

நான் இப்போது செய்வது இது. அளவை ஒரு மாறியில் ஒரே இடத்தில் எழுதுவேன், உதாரணமாக 260. இடம் ஒதுக்கும்போது அந்த மாறியை வைத்து ரெப்ளிகேட் மூலம் அத்தனை பூஜ்ய பைட் நிரப்புவேன். விண்டோஸுக்கு அளவு சொல்லும்போதும் அதே மாறி. எண்ணை இரண்டு இடத்தில் கையால் அடிப்பதே இல்லை. அன்றைக்கு இதைச் செய்திருந்தால் அந்த ஒரு பூஜ்யம் கூடியே இருக்காது.

திரும்பி வந்ததை அப்படியே பயன்படுத்தக் கூடாது. எழுத்து முடிந்தது என்று காட்ட விண்டோஸ் ஒரு பூஜ்ய பைட் போடும், 260 பைட்டில் உங்களுக்கு வேண்டியது முதல் பூஜ்ய பைட்டுக்கு முன்பு உள்ளது மட்டும். அது எங்கே என்று ஏட் ஃபங்ஷனால் தேடி, லெஃப்ட் ஃபங்ஷனால் வெட்டிக்கொள்ளுங்கள். ட்ரிம் போதாது, அது வெற்றிடத்தைத்தான் நறுக்கும். வெட்டாத பெயரை டேபிளில் உள்ள பெயரோடு ஒப்பிட்டு, "கண்ணுக்கு ஒன்றாகத்தான் தெரிகிறது, சமம் இல்லை என்கிறதே" என்று மண்டையை உடைத்துக்கொண்டதும் உண்டு.

அளவில் கடைசிப் பூஜ்யமும் சேருமா, சேராதா? ஃபங்ஷனுக்கு ஃபங்ஷன் மாறும், சில சமயம் உள்ளே போகும்போது ஒன்று, வெளியே வரும்போது வேறொன்று. கெட்-கம்ப்யூட்டர்-நேம் என்பதில் உள்ளே கொடுக்கும் அளவில் பூஜ்யத்துக்கான இடமும் சேர்த்தி, வெளியே வரும் எண்ணில் சேராது.

6. விடை தெரிந்த கணக்கில் பழகுங்கள்

முதல் பயிற்சிக்கு அந்த கெட்-கம்ப்யூட்டர்-நேம் நல்லது. கெர்னல்32-இல் இருக்கிறது. @ போட்ட ஒரு ஸ்ட்ரிங், @ போட்ட ஒரு இன்டிஜர், இரண்டே மதிப்பு. பெயர் அதிகபட்சம் 15 எழுத்து, பூஜ்யத்தோடு 16. வந்த விடையை சிஸ் 0 தரும் பெயரோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒத்துப்போனால் @, இடம், வெட்டுவது மூன்றும் உங்களுக்குக் கைவந்துவிட்டது.

இரண்டாவது பயிற்சி கெட்-லோக்கல்-டைம். இதில் ஸ்ட்ரக்சர் வருகிறது. ஃபாக்ஸ்ப்ரோவில் ஸ்ட்ரக்சர் என்ற வகை கிடையாது, ஸ்ட்ரிங்கை வைத்துத்தான் சமாளிக்க வேண்டும். இதற்கு 16 பைட் வேண்டும், இரண்டிரண்டு பைட்டாக எட்டு எண்: வருடம், மாதம், கிழமை, தேதி, மணி, நிமிடம், நொடி, மில்லி நொடி. மூன்றாவது கிழமை என்பதைக் கவனியுங்கள். அதைத் தேதி என்று எடுத்துக்கொண்டு, மாதத்தின் முதல் வாரத்தில் சோதித்தால் சரியாக இருப்பது போலவே தெரியக்கூடும்.

பைட்டுகள் தலைகீழாக இருக்கும். 2024 என்ற வருடம் 232, 7 என்று இரண்டு பைட்டாக வரும். 7-ஐ 256-ஆல் பெருக்கி 232-ஐக் கூட்டிப் பாருங்கள், 2024. இதைக் கையால் செய்யலாம், அல்லது சி-டு-பின் ஃபங்ஷனுக்கு "2ஆர்எஸ்" என்ற குறியோடு கொடுக்கலாம். ஆர் என்பது பைட் வரிசையைத் திருப்ப, எஸ் என்பது குறி பிட்டைத் தொடாமல் இருக்க. நான்கு பைட்டுக்கு "4ஆர்எஸ்". எண்ணிலிருந்து பைட் ஆக்க பின்-டு-சி, அதே குறிகள். குறி இல்லாமல் விட்டால் அவை இண்டெக்ஸுக்கு ஏற்ற வடிவில் மாற்றும், விண்டோஸுக்கு அது புரியாது.

விடையை டேட்டைம் ஃபங்ஷனோடு ஒப்பிடுங்கள். நாளைக்கு ஒப்பிட எதுவும் இல்லாத ஒரு ஸ்ட்ரக்சரைப் பிரிக்கும்போது இந்தப் பழக்கம்தான் துணை.

7. தோற்றதா என்று கேளுங்கள்

விண்டோஸ் ஃபங்ஷன் தோற்றால் சத்தம் போடாது, பெரும்பாலும் 0 கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கும். ஏன் தோற்றது என்று அறிய கெட்-லாஸ்ட்-எரர். 2 என்றால் ஃபைல் இல்லை, 5 என்றால் அனுமதி இல்லை, 1801 என்றால் பிரிண்டர் பெயர் தப்பு.

இதிலும் ஒரு பொறி. கெட்-லாஸ்ட்-எரரை முன்கூட்டியே டிக்ளேர் செய்து வைத்திருக்க வேண்டும். தோற்ற பிறகு டிக்ளேர் செய்தால், அந்த டிக்ளேர் வேலையே உள்ளே விண்டோஸைக் கூப்பிட்டு, பழைய எண்ணை அழித்துவிடலாம். தோற்ற அடுத்த வரியிலேயே கேளுங்கள். நடுவில் ஒரு மெசேஜ்பாக்ஸ் போட்டாலும் எண் மாறிப்போகலாம். மாறாத எண் வந்தாலும் அதைத் துப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், நடுவே ஃபாக்ஸ்ப்ரோவும் தன் வேலைக்காக விண்டோஸைக் கூப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

8. பிரிண்டருக்கு நேரடியாக பில் அனுப்புவது

பெரும்பாலானவர்கள் இந்தப் பக்கம் வருவதே இதற்காகத்தான். பழைய புரோகிராம் எல்பிடி என்ற பழைய பிரிண்டர் போர்ட்டுக்கு நேராக அனுப்பிக்கொண்டிருந்தது, புதிய கம்ப்யூட்டரில் யூஎஸ்பி மட்டும்தான் இருக்கிறது. டாட் மேட்ரிக்ஸில் ரிப்போர்ட்டாக அடித்தால் படம் போல மெதுவாக வருகிறது.

வரிசை இது: ஓபன்-பிரிண்டர், ஸ்டார்ட்-டாக்-பிரிண்டர், ஸ்டார்ட்-பேஜ்-பிரிண்டர், ரைட்-பிரிண்டர், பிறகு வந்த வழியே திரும்பி எண்ட்-பேஜ், எண்ட்-டாக், க்ளோஸ்-பிரிண்டர்.

சிக்கல் இரண்டாவதில். அது 12 பைட் ஸ்ட்ரக்சர் ஒன்று கேட்கும், அதில் மூன்று முகவரிகள்: ஆவணத்தின் பெயர், வெளியீட்டு ஃபைல், தரவு வகை. நடுவில் உள்ளதற்கு 0. மூன்றாவதில் "ரா" என்ற சொல்லின் முகவரி வேண்டும், ஆங்கிலத்தில் மூன்று பெரிய எழுத்து. ஃபாக்ஸ்ப்ரோ மாறியின் முகவரியைக் கொடுக்க முடியாது. ஃபாக்ஸ்ப்ரோ தன் ஸ்ட்ரிங்குகளை மெமரியில் இடம் மாற்றிக்கொண்டே இருக்கும். அதனால் குளோபல்-அலாக் மூலம் தனி இடம் வாங்குங்கள், முதல் மதிப்பு 0. திரும்பி வரும் எண்தான் முகவரி. சிஸ் 2600-க்கு அந்த முகவரி, நீளம், எழுத்து மூன்றையும் கொடுத்தால் அங்கே எழுதிவிடும். எழுத்தின் கடைசியில் ஒரு பூஜ்ய பைட்டை நீங்களே சேர்க்க வேண்டும், நீளத்திலும் அதைக் கணக்கிட வேண்டும். சிஸ் 2600 எந்த முகவரியையும் கேள்வி கேட்காமல் எழுதும். குளோபல்-அலாக் 0 தந்திருக்கிறதா என்று பார்க்காமல் அதைத் தொடாதீர்கள்.

வேலை முடிந்ததும் குளோபல்-ஃப்ரீ. இதையும் மூன்று முடிக்கும் அழைப்புகளையும் ட்ரை கட்டத்தின் ஃபைனலி பகுதியில் வையுங்கள். நடுவில் ஃபாக்ஸ்ப்ரோ பிழை ஏதாவது வந்தாலும் பிரிண்டர் மூடப்படும். மூடாமல் விட்டால் பில் வரிசையிலேயே தொங்கிக்கொண்டிருக்கும், அடுத்தடுத்த பில்லும் அதன் பின்னால் நிற்கும்.

ரைட்-பிரிண்டர் வெற்றி என்றால் பில் விண்டோஸின் வரிசைக்குப் போய்விட்டது என்று மட்டும்தான் அர்த்தம். பேப்பர் தீர்ந்திருக்கலாம், பிரிண்டர் அணைந்திருக்கலாம். "அச்சாகிவிட்டது" என்று டேபிளில் குறிக்கும் முன் கவுண்டரில் இருப்பவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்.

பிரிண்டரின் சொந்த டிரைவர் முரண்டு பிடித்தால், விண்டோஸில் ஜெனரிக் டெக்ஸ்ட் ஒன்லி என்று ஒரு டிரைவர் இருக்கிறது, அதைப் போட்டுப் பாருங்கள். சிறிய எழுத்துக்கு 15, அதை நிறுத்த 18, பிரிண்டரைத் தொடக்க நிலைக்குக் கொண்டுவர 27-உம் 64-உம். எப்சன் முறைக் குறிகள் கேட்கும் பிரிண்டர்களில் இவை வேலை செய்யும்.

9. தமிழில் ஒரு செய்திப் பெட்டி

ஃபாக்ஸ்ப்ரோவுக்கு யூனிகோடு தெரியாது. எடிட்டரில் தமிழை ஒட்டினால் கேள்விக்குறிகள்தான் விழும். ஆனால் விண்டோஸின் மெசேஜ்பாக்ஸ்-டபிள்யூ தமிழை அழகாகக் காட்டும். "ஸ்டாக் இல்லை" என்று தமிழில் வந்த முதல் பெட்டியைப் பார்த்து அந்தக் கவுண்டர் அக்கா சிரித்த சிரிப்புக்காகவே இதைச் சொல்லித் தருகிறேன்.

செய்தியை நோட்பேடில் எழுதி யூடிஎஃப்-8 ஆகச் சேமியுங்கள். ஃபைல்-டு-எஸ்டிஆர் ஃபங்ஷனால் படியுங்கள். ஃபைலின் தொடக்கத்தில் 239, 187, 191 என்று மூன்று பைட் இருந்தால் அது நோட்பேட் போட்ட அடையாளம், வெட்டிவிடுங்கள். பிறகு எஸ்டிஆர்-கான்வ் ஃபங்ஷனில் 12 என்ற எண்ணோடு மாற்றுங்கள்.

கடைசியில் ஒரு பூஜ்ய பைட் சேர்க்க மறக்காதீர்கள். ஸ்ட்ரிங்கை அனுப்பும்போது ஃபாக்ஸ்ப்ரோ தானே ஒரு பூஜ்யம் சேர்க்கும், யூனிகோடுக்கு இரண்டு வேண்டும். ஒன்று போதாமல் போனால் செய்தியின் வாலில் சில சமயம் குப்பை எழுத்து ஒட்டும், சில சமயம் ஒட்டாது. தலைப்புக்கும் இதே மாற்றம் வேண்டும். தலைப்பைச் சாதாரணமாக விட்டீர்கள் என்றால் சீன எழுத்து போல எதையோ காட்டும். முதல் மதிப்பாக ஃபார்மின் ஹெச்டபிள்யூஎன்டி (அந்த ஜன்னலின் அடையாள எண்) கொடுங்கள், 0 கொடுத்தால் பெட்டி ஃபார்முக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள வாய்ப்புண்டு.

10. நேரம் சம்பந்தப்பட்டவை

ஸ்லீப் ஃபங்ஷனுக்கு மில்லி நொடியில் எண் கொடுக்க வேண்டும், 1000 என்றால் ஒரு நொடி. அந்த நேரம் முழுக்க உங்கள் திரை உறைந்து நிற்கும். ஐந்து நொடிக்கு மேல் போனால் கடைக்காரர் புரோகிராம் தொங்கிவிட்டது என்று டாஸ்க் மேனேஜரைத் திறப்பார். டைமர் கன்ட்ரோலைப் பயன்படுத்துங்கள்.

வேறொரு வேலை முடியும்வரை காத்திருக்க வெயிட்-ஃபார்-சிங்கிள்-ஆப்ஜெக்ட் பயன்படுத்தினால் எல்லையில்லாமல் காத்திருக்கச் சொல்லாதீர்கள். 200 மில்லி நொடி கொடுங்கள், 258 திரும்பி வந்தால் இன்னும் முடியவில்லை என்று பொருள், திரை உறையாமல் இருக்க டூஈவென்ட்ஸ் போட்டுவிட்டு மறுபடி கேளுங்கள்.

கெட்-டிக்-கவுன்ட் இன்னொரு பொறி. விண்டோஸ் தொடங்கியதிலிருந்து எத்தனை மில்லி நொடி என்று சொல்லும். ஃபாக்ஸ்ப்ரோவின் இன்டிஜர் 2147483647 வரைதான் நேர் எண். அதனால் கம்ப்யூட்டரை அணைக்காமல் 24.8 நாள் ஓட்டினால் விடை திடீரென்று மைனஸில் வரும். 4294967296 கூட்டிச் சரிசெய்யலாம். 49.7 நாளில் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். சர்வர் கம்ப்யூட்டரை அணைக்காத கடைகளில்தான் இது வெளிவரும், உங்கள் மேசையில் ஒருநாளும் வராது.

11. கடையில் போடும் முன்

யூசர் தட்டும் எழுத்தை ஷெல்-எக்ஸிக்யூட்டுக்கோ ரன்னுக்கோ அப்படியே கொடுக்காதீர்கள். ஃபைல் பெயர் கேட்கும் பெட்டியில் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் தட்டலாம். ஃபைல் நிஜமாகவே இருக்கிறதா, அது உங்கள் ஃபோல்டருக்குள்தானா, முடிவு பிடிஎஃப் தானா என்று பார்த்த பிறகு திறக்கட்டும். எடைத் தராசு, பார்கோடு கருவிகளோடு வரும் டிஎல்எல் என்றால் முழுப் பாதையோடு டிக்ளேர் செய்யுங்கள். 64 பிட் டிஎல்எல் கொடுத்திருந்தால் லோட் ஆகாது, 32 பிட் கேட்டு வாங்குங்கள். ஃபங்ஷன் முகவரி கேட்கும் ஃபங்ஷன்களை, ஆங்கிலத்தில் "எனும்" என்று பெயர் தொடங்கும் பல இப்படித்தான், டிக்ளேரால் செய்ய முடியாது. அவற்றுக்காக விஎஃப்பி2சி32 என்று ஒரு இலவச லைப்ரரி இருக்கிறது.

சோதிக்கும்போது உங்கள் கம்ப்யூட்டரில் இல்லாததை வேண்டுமென்றே உண்டாக்குங்கள். பிரிண்டருக்கு நீளமான பெயர் வையுங்கள். யூசர் பெயரில் இடைவெளி விடுங்கள். அட்மின் அல்லாத கணக்கில் ஓட்டுங்கள். ஒவ்வொரு அழைப்பையும் லூப்பில் ஆயிரம் முறை கூப்பிட்டு, டாஸ்க் மேனேஜரில் மெமரியும் ஹேண்டில் எண்ணிக்கையும் ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறிக்கொண்டே போனால் எதையோ மூடாமல் விட்டிருக்கிறீர்கள்.

புது எக்ஸ்இயைக் கடையில் போடுவதற்குக் கூட்டம் இல்லாத நாளின் காலை நேரம் சரி. பழைய எக்ஸ்இயை அழிக்காமல் பெயர் மாற்றி அதே ஃபோல்டரில் வைத்துவிட்டு, எதைப் பெயர் மாற்றினால் பழையது திரும்பும் என்று கவுண்டரில் இருப்பவருக்கு ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுங்கள். மறுபடி சி0000005 வந்தால், அந்தப் பெட்டியிலேயே லாக் ஃபைல் எங்கே இருக்கிறது என்று போட்டிருக்கும். ஓகே அழுத்தும் முன் போனில் ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அதில் தெரியும் வரி எண்ணை மட்டும் நம்பிவிடாதீர்கள், அதற்கு முன்னால் கடைசியாக விண்டோஸைக் கூப்பிட்ட வரி எது என்று பின்னோக்கித் தேடுங்கள்.